கடைசிப் பக்கத்து மைக்கடைக்காரர்

நேற்று மாலை இரங்கல் கூட்டத்தில் நான் பேசியதை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

தலைமையாசிரியை அவர்களே, ஆசிரியைகளே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் சகினா அம்மாள் அவர்களே, தோழிகளே, யுத்தகால இருட்டடிப்புக்காக விளக்குகளை அணைக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

நம் பள்ளிக்கு எதிரே மைக்கடை வைத்திருந்த நூர் முஹம்மது சாயபு அவர்கள் மறைந்துவிட்டார். நம் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் தம் கடைக்கு விளம்பரம் எழுதியவர் அவர். முதல் ஆறு பக்கங்களை எழுதியவள் நான். பத்திரிகை கைக்கு வந்ததும் நீங்கள் எந்தப் பக்கத்தைப் புரட்டினீர்கள்? 'ஒழுக்கத்தின் உயர்வு' என்ற என் கட்டுரையையா? கடைசிப் பக்கத்தைத்தானே?

"எங்கள் மை அழியாது. பிழையாக எழுதுவோர் தயவுசெய்து வாங்க வேண்டாம்."

இந்த இரண்டு வரிக்குப் பள்ளியே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

என் வகுப்புத் தோழி புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. "நான் தப்புத் தப்பா எழுதுறது கடைக்காரருக்கும் தெரிஞ்சுபோச்சுடி" என்று அந்தப் பக்கமே போகாமலிருந்தாள். அவர் வரிக்குச் சிரிக்காதவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "இன்னா பாப்பா, சிரிக்கத்தானே எழுதினேன்? அந்தப் பொண்ணு அழுதுகினா கீது?"

அடுத்த மாதம் கடைசிப் பக்கத்தில் இப்படி வந்தது: "மை எங்களுடையது. சென்ற மாதப் பிழையும் எங்களுடையது. இரண்டுமே அழியவில்லை."

புஷ்பம் சிரித்துக்கொண்டே போய் இரண்டு புட்டி வாங்கினாள். தோற்ற இடத்திலும் ஜெயிப்பவரை என்ன செய்வது? நம்மைக் கிண்டல் செய்தார், சிரித்தோம். தம்மையே கிண்டல் செய்துகொண்டார், அதற்கும் சிரித்தோம். பரிசு வாங்கிய என் கட்டுரைக்கு யார் சிரித்தீர்கள்? யார் அழுதீர்கள்? இங்கே வந்த ஒவ்வொருவரும் அவர் வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். கேட்கக் கேட்க இந்தக் கூட்டத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கடையை அவர் மனைவி சகினா அம்மாள் தொடர்ந்து நடத்தப்போகிறார்கள். "கடைசிப் பக்கத்தைக் காலியா உட்டுடாதே பாப்பா. அழுவாச்சியா எழுதினா அவருக்குப் புடிக்காது" என்று என்னிடம் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை இனி நான் எழுதுவேன் என்று உங்கள் முன் உறுதி கூறி, முதல் விளம்பரத்தைப் படிக்கிறேன்:

"முதல் ஆறு பக்கங்களையும் முழுதாகப் படித்தவர்களுக்கு ஒரு புட்டி மை இனாம். இதனால் கடைக்கு ஒரு நஷ்டமும் வராது."

யாரோ சிரித்தார்கள். என் வரிக்கா, அவர் வரியை நினைத்தா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.