நன்றியுரைக்குப் பிறகே போண்டா

மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ரொம்பப் பேருக்கு இது தெரிவதில்லை. தெரியாதவர்கள் கையில் கிடைத்தால் ஒன்று அதை முழுங்கப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பாம்பைப் பிடித்த மாதிரி தூர நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் ஆதிமூலம். என் குரலைக் கேட்டுத்தான் பாதி ஜில்லா பஸ் ஏறியது. 'திருவண்ணாமலை' என்று நான் மைக்கில் சொன்னால், திண்டிவனம் போக வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம், திருவண்ணாமலைக்கே போய்விட்டால் என்ன என்று யோசிப்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசை இங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என்னிடம் மைக் இல்லை. வீட்டில் பேசிப் பார்த்தேன். என் மனைவி ஆண்டாள், "பஸ்ஸெல்லாம் போயிடுச்சு, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் செஞ்சி மூத்தோர் மன்றம் ஆரம்பமானது. தலைவர், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மகாலட்சுமி அம்மா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஜாரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். வெளியிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வந்து பேசுவார். டாக்டர் வந்து கண்புரை பற்றிப் பேசினார். வக்கீல் வந்து உயில் பற்றிப் பேசினார். ஒருத்தர் தேனீ வளர்ப்பது பற்றிப் பேசினார். எங்களில் யாரும் தேனீக்குப் பின்னால் ஓடும் வயசில் இல்லை என்றாலும் மரியாதையாகக் கேட்டோம். விருந்தினரைப் பிடித்து வருவதும், கடைசியில் நன்றியுரை சொல்வதும் என் பொறுப்பு.

நன்றியுரையின் கதி உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆள் எழுந்திருக்கும்போதே கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அதனால் சின்னதாக ஓர் ஏற்பாடு செய்தேன். நன்றியுரைக்குப் பிறகே போண்டா. சமையல்கட்டு மாஸ்டரிடம் தெளிவாகச் சொல்லிவைத்தேன்: வாசனை வரலாம், தட்டு வரக் கூடாது.

அதன் பிறகு யாரும் எழுந்து போனதில்லை. விருந்தினர் அரைமணி பேசினால் நான் முக்கால் மணி நன்றி சொல்வேன். அவர் பேசியது, பேச மறந்தது, என்னைக் கேட்டிருந்தால் பேசியிருக்கக்கூடியது, எல்லாவற்றையும் சொல்வேன். தேனீக்காரர் என் நன்றியுரையைக் கேட்டுவிட்டு, தேனீயைப் பற்றித் தனக்கே தெரியாத விஷயங்கள் அதில் இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். அவை யாருக்குமே தெரியாதவைதான். வாசனை ஏற ஏறக் கூட்டத்தின் கண்கள் பளபளக்கும். எனக்காக என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது விக்ரமன் வந்தார்.

திண்டிவனத்துக்காரர். உடற்பயிற்சி ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியவர், பார்த்தால் என் பேரனுக்கு வகுப்புத் தோழன் மாதிரி இருப்பார். 'நூறு வயது வாழலாம் வாங்க' என்று தலைப்பு. வந்தவர் மைக்கை வாங்கவே இல்லை. வெறும் தொண்டையில் பேசினார். எல்லாரையும் எழுப்பி ஒற்றைக்காலில் நிற்க வைத்தார். சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பவுனம்மாள், "எங்க ஏரியில கொக்கு நிக்குற மாரியே இருக்குது" என்று சிரித்துக்கொண்டே நின்றார். தன் பாத்திரக்கடையின் ரெண்டு படி இறங்குவதற்குள் நாக்குத் தள்ளும் கந்தசாமி, அடுத்த மாதம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை உச்சிக்கு ஏறி அங்கிருந்து எங்களுக்குக் கை காட்டப் போவதாக அறிவித்தார்.

கடைசியில் விக்ரமன், எண்ணெயில் பொரித்தது எல்லாம் விஷம் என்றார். அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். இனி போண்டா கிடையாது. முளைகட்டிய பயறு. அதுவும் வெறும் வயிற்றில் மெல்ல வேண்டுமாம், ஆகவே கூட்டம் தொடங்கும் முன்பே. இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். இனி வேறு விருந்தினர் வேண்டாம், மாதாமாதம் விக்ரமனே வர வேண்டும்.

அடுத்த மாதம் பயறு முன்னாலேயே போய்விட்டது. விக்ரமன் பேசி முடித்தார். நான் எழுந்து, "அனைவருக்கும்" என்று தொடங்கி நிமிர்ந்தபோது பவுனம்மாள் மட்டும் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார். நான் சுருக்கவில்லை. முழுவதும் பேசினேன். நாற்காலி அடுக்க வந்த ஆள் பவுனம்மாளையும் சேர்த்து அடுக்கப் பார்த்தான்.

இனி சொல்லப்போவதை மைக்குக்காகத்தான் நான் செய்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி இல்லை. உறுப்பினர்களின் உடம்பை நினைத்துத்தான் செய்தேன். பயறு தின்றதிலிருந்து கந்தசாமிக்கு வாயுத் தொல்லை. அவருக்குப் பின்வரிசையில் உட்காருபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதற்கடுத்த கூட்டத்தன்று காலையில் விக்ரமனுக்குப் போன் செய்தேன். மண்டபத்தில் கரண்ட் இல்லை, இந்த மாதம் கூட்டம் ரத்து என்றேன். பாவம், நம்பிவிட்டார். சாயங்காலம் மண்டபத்தில் எல்லாரும் ஒற்றைக்காலில் நின்று பழகிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை எடுத்தேன்.

"விக்ரமன் சார் இன்றைக்கு வர இயலவில்லை. உடல்நலம் சற்று" என்று சொல்லி அங்கேயே நிறுத்தினேன்.

பஸ் ஸ்டாண்டில் கற்றுக்கொண்ட விஷயம் இது. பஸ் ரத்து என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற ஜனமே டயர் வெடித்தது, பிரேக் பிடிக்கவில்லை, டிரைவர் கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார் என்று முடித்துவிடும்.

"இன்னாது, நெஞ்சு வலியா?" என்றார் கந்தசாமி.

நான் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

"நெஞ்சு வலிதான். பாருங்க, டைம்கீப்பரு மொகமே சரியில்ல."

"அட்மிட் பண்ணிட்டாங்களா?"

"பாண்டிச்சேரிக்கு இட்டுனு போயிருப்பாங்க."

"பாண்டிச்சேரின்னா சும்மாவா? ஆக்சிஜன் வெச்சித்தான் போயிருப்பாங்க."

மூன்றாவது வரிசையில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. ஐந்தாவது வரிசையில் அது பலிக்கவில்லை. மூத்தவர்கள் கூடுகிற இடத்தில் ஒரு வியாதி சும்மா உட்கார்ந்திருக்காது. ஆளாளுக்குத் தன் வீட்டு வியாதியை எடுத்து அதன் மேல் போர்த்திவிடுவார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கணக்கில் நான் அவரை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடக் கொண்டுபோகவில்லை.

அப்போது பவுனம்மாள் எழுந்தார். "டைம்கீப்பரே, மறைக்காத சொல்லுங்க. இருக்குறாரா, பூட்டாரா?"

இந்தக் கேள்வி என்னிடம் நேராகக் கேட்கப்பட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கூடம் முழுக்க ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. மகாலட்சுமி அம்மா எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். மௌன அஞ்சலி முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். வெளியே விளக்குப் போடும் வரைக்கும் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் பாதியில் செருப்பு மாட்டுகிற மனிதன் நம் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. இத்தனை வருஷம் போண்டாவை நம்பி வீணாகப் போய்விட்டது. விக்ரமனுக்கு இல்லாத குணங்களையும் கொடுத்தேன். சின்ன வயசில் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை ஒற்றைக் கையால் தூக்கினார் என்றேன். விக்ரமனை ஒரு தரம்கூடப் பார்க்காத சமையல் மாஸ்டர், கரண்டியோடு வாசலில் வந்து நின்று தேம்பினார்.

முடித்ததும் கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நூறு வயசுன்னு சொன்ன மனுசனே அம்பதுல போயிட்டாரு. நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பயிறு? மாஸ்டர், எண்ணெய வையிங்க."

எல்லாரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். சிலர் ரெண்டாம் தரமும் அழுதார்கள்.

அடுத்த கூட்டத்தில் 'தகவல் தவறு' என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் பவுனம்மாள், "மொகத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துடணும்" என்று சொல்ல, மறுநாள் விடிந்ததும் கந்தசாமி வேன் பிடித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. எனக்கு உடம்பு முடியவில்லை என்று நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். யோசித்தேன். துக்க வீட்டு வாசலில் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கும். நான் போகாவிட்டால் அது கந்தசாமிக்குப் போய்விடும். ஆகவே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். விக்ரமன் வீட்டுக்கு வழி சொன்னதும் நான்தான்.

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்குள் வேன் திரும்பியதும் கந்தசாமி எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, ஒரு பந்தல் இல்ல, சேர் இல்ல. எடுத்துட்டாங்களா அதுக்குள்ள?"

வேன் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. பனியனும் லுங்கியுமாக, வாயில் பிரஷ்ஷோடு விக்ரமன் வந்து நின்றார்.

பவுனம்மாள்தான் முதலில் இறங்கினார். "ஏம்பா, நீ இன்னாத்துக்கு உசுரோட நிக்குற?" என்றார்.

விக்ரமன் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்வை மாலை மேல் இருந்தது. நூறு மேடை ஏறினவர். மாலையைக் கண்டதும் கை தானாகக் குவிந்து, கழுத்து தானாகக் குனிந்துவிட்டது. கந்தசாமி எங்களை ஒரு தரம் பார்த்தார், மாலையை ஒரு தரம் பார்த்தார். குனிந்த கழுத்தை எத்தனை நேரம் காக்க வைப்பது? போட்டுவிட்டார்.

"என்ன சார் இன்னிக்கு விசேஷம்?" என்று பேஸ்ட் நுரையோடு கேட்டார் விக்ரமன்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "நீங்கள்தான் விசேஷம்" என்று ஆரம்பித்தேன். முந்தின நாள் பேச்சில் ஒன்றிரண்டு இடத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கன்றுக்குட்டி இடம் வந்தபோது விக்ரமன் கண்ணில் தண்ணீர். அப்படி ஒன்று நடந்ததாக அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது.

உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கும்போது பவுனம்மாள் உடைத்துவிட்டார். "நீ பூட்டன்னு நேத்து இவருதான் மைக்குல பேசுனாரு."

விக்ரமன் கோபப்படுவார் என்று எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மாலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இதே பேச்சா?" என்று கேட்டார்.

"இதைவிட நீளம்" என்றேன்.

"என்னப் பத்தி இவ்ளோ நல்லதா யாரும் பேசினதில்ல சார். எங்க வீட்லகூட. நிஜமா நடக்கும்போது நீங்கதான் பேசணும். நல்ல மைக்கா வெச்சி." எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

மன்றம் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. ஒரு தனிக் கூட்டம் போட்டு என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். "நல்லா இருக்கிற மனுஷனைச் சாகடிச்சிருக்கீங்க சார். எப்படி மனசு வந்தது?" என்று மகாலட்சுமி அம்மா கேட்டார். தப்புச் செய்த பிள்ளையைக் கேட்கிற அதே குரல். நான் கந்தசாமியின் வாயுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கந்தசாமியே கையமர்த்திவிட்டார். தீர்ப்பு இது: மன்றத்தில் இனி ஆயுசுக்கும் நான் மைக்கைத் தொடக் கூடாது. நன்றியுரை இல்லை, வரவேற்புரை இல்லை, காணாமல் போன குடையைப் பற்றிய அறிவிப்புகூட இல்லை. விக்ரமனின் இரங்கலுக்கு மட்டும் விலக்கு. அது அவர் வாயால் கேட்டது, அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை என்று மகாலட்சுமி அம்மாவே சொல்லிவிட்டார்.

ஆக, கேட்டதற்குப் பதில் இதுதான். கல் மாதிரி இருந்த ஒரு மனிதர் செத்துப்போனதாக நான்தான் ஊரை நம்பவைத்தேன். தெரிந்தே செய்தேன். மாலையோடு அவர் வீட்டு வாசலுக்கும் நானே கூட்டிப்போனேன். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கெட்ட பழக்கம் எல்லாம் இப்போது விட்டாயிற்று.

இப்போது எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேச்சு. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. விக்ரமனோ கம்பங்கூழும் ஓட்டமுமாக இருக்கிறார். நான் அவசரப்படவில்லை. எங்களுக்குள் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போகிறேன். வெறும் கையோடு போகக் கூடாதே என்று அல்வா வாங்கிப் போவேன். நெய் கையில் வழிய வேண்டும், அப்படிச் செய்கிற கடையாகப் பார்த்து வாங்குவேன். முதலில் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் மனம் நோவேன் என்று ஒரு வாய் போட்டுக்கொண்டார். இப்போது சனிக்கிழமையானால் வாசலிலேயே நிற்கிறார்.

போன வாரம் மாடியிலிருந்து இறங்கி வந்தவருக்கு லேசாக மூச்சு வாங்கியது. பார்த்ததும் எனக்கு மனசே கேட்கவில்லை. இந்தச் சனிக்கிழமை ஒரு கிலோவாகவே வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன்.