குரல் விழாத தலைப்படம்

எலும்பின் கீறலை எட்ட நின்றே கண்ட ஏந்தலே! இருட்டறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் நின்று பிறர் நோய்க்கு வெளிச்சம் பிடித்த பெருந்தகையே! மருந்துத் தண்ணீரில் நகம் மஞ்சளித்தும் மனம் மங்காத மாண்பரே! இன்று ஓய்வு பெறும் எங்கள் எக்ஸ்ரே அறையின் குழந்தைவேலு அவர்களே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், ஃபிலிம் காயப் போட்டிருக்கிறது என்று பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் இனிச் சொல்லப் போகிறோம். உட்கார்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

அந்த ஒருவர் 1949-இல் பணியேற்றபோது, பக்கத்து அரிசி மில் ஓடினால் காரைக்குடியில் கரண்டு இறங்கும், படம் மங்கும். மில் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரம் பார்த்து, தம் சாப்பாட்டைத் தள்ளிவைத்துப் படம் பிடித்தார். மூட்டை சுமந்து முதுகு போனவரும் கல் உடைத்து விரல் போனவரும் அவர் மேசையில் கிடந்து எழுந்தவர்களே. கோபக்காரர்தாம், மூச்சடக்கச் சொல்லும்போது மூச்சுவிட்டால் அவர் வைகிற வசவு வார்டு வரைக்கும் கேட்கும். ஆனால் படத்தில் இல்லாததை இருக்கிறதென்று ஒருநாளும் சொன்னதில்லை.

1971-இல் அதற்கொரு சோதனை வந்தது.

காளையார்கோவில் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் சோலையம்மாளை, அவர் அண்ணன் கோட்டைச்சாமி கூட்டிவந்தார். சோலையம்மாளின் ஒரே மகன் முத்தழகு, பத்தொன்பது வயதில், குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிப் போனவன். அதுமுதல் அவன் குரல் தாய்க்குக் கேட்டது. வெறும் வயிற்றோடு சுத்தியலைத் தூக்காதே என்று ஒரு நேரம் சொல்லும். தண்ணீர் குளுகுளுவென்று இருக்கிறது, நீயும் வா என்று இன்னொரு நேரம் கூப்பிடும். இரண்டு முறை குழி விளிம்பிலிருந்து அண்ணன் இழுத்து வந்திருக்கிறார்.

மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வரும் மனநோய் டாக்டர், இது மனச்சிதைவு, மாத்திரையில் குரல் அடங்கும் என்றார். அதற்குமுன் மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, முதுகுத்தண்டில் காற்றை ஏற்றித் தலையைப் படம் எடுக்கச் சொன்னார். ஆண்பிள்ளைகளே அலறும் வலி அது. சோலையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்பது, படம் பிடித்தவர் ஈரப்படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

"அய்யா, இதுல என் மகன் எங்குட்டு இருக்கான்?"

கூலிக்காரன் மகனை யார் போட்டோ எடுத்தார்கள்? அவன் முகம் ஒரு காகிதத்திலும் இல்லை. தலைக்குள் பேசுகிறவன் தலைப்படத்தில் விழுவான், மாத்திரை அவனை விரட்டுமுன் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி அந்தத் தாய் வலியைத் தாங்கியிருக்கிறார்.

ஏதாவதொரு நிழலைக் காட்டிவிடுங்கள், மாத்திரையை முழுங்கட்டும் என்று படம் பிடித்தவர் காதில் ஓதியவர்கள், இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கும் நாங்களேதாம். அவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

"ஆத்தா, இதுல எலும்பும் காத்துந்தான் விழுந்திருக்கு. அவன் விழுகல. பேச்சைப் பிடிக்கிற மிஷினு இன்னும் வரல" என்றார்.

"அப்ப மாத்திரை வேணாம். அதையும் விட்டுட்டு நான் எதை வச்சுக்கிறது?" என்று சோலையம்மாள் எழுந்து போய்விட்டார். இனி அந்த உயிர் போனால் உங்கள் வாயால் போனது என்று நாங்கள் ஏசினோம்.

மறு ஞாயிறு அவர் பஸ் ஏறிக் குவாரிக்குப் போனார். ஜல்லிக் குவியல் ஓரத்தில் குந்தி, மகன் என்னென்ன சொல்கிறான் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை; வாயை மூடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான்கு ஞாயிறு கேட்டார். ஐந்தாம் ஞாயிறு சோலையம்மாளே பேரம் பேசினார்.

"மாத்திரை முழுங்குறேன். அவன் பேசாமப் போயிட்டா, சொன்னதையெல்லாம் நீங்க எனக்குச் சொல்லுவீகளா?"

"சொல்றேன். குழிக்குக் கூப்பிட்டதை மட்டும் சொல்ல மாட்டேன்."

இரண்டே மாதத்தில் குரல் நின்றது. அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளாக, மாத்திரை வாங்கும் நாளில் எக்ஸ்ரே அறை வாசலில் இருவரும் உட்காருவார்கள். "உங்க மகன் சொன்னதா நீங்க எங்கிட்டச் சொன்னது" என்று ஒவ்வொரு தடவையும் முன்னுரை வைத்துத்தான் அவர் தொடங்குவார். கஞ்சிக்கு உப்புப் பற்றவில்லை என்றது, மாமன் கடன் கேட்டால் கொடுக்காதே என்றது, எல்லாம் வரிசையாக வரும். கோட்டைச்சாமி பக்கத்திலேயே நின்று தலையைச் சொறிவார்.

ஒருமுறை கேட்டு முடித்துச் சோலையம்மாள் சொன்னார்:

"எல்லாஞ் சரிதான்யா. அவன் குரல்தான் இல்ல."

படம் பிடித்தவர் எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூளையைக் கத்தி வைக்காமல் வில்லை வில்லையாகப் படம் எடுக்கும் இயந்திரம் சீமையில் வந்திருப்பதாகப் பேப்பரில் வந்த நாள், அதை மடித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். இதில் குரல் விழுமா என்று கேட்டார். சதை தெரியும், குழிவு தெரியும், குரல் தெரியாது என்றார் டாக்டர். அப்படியானால் அடுத்த மிஷினில் விழும் என்று சொல்லித் திரும்பினார்.

குழந்தைவேலு அவர்களே! இனி உங்களிடமே பேசுகிறோம். ஓய்வுக்குப் பிறகும் மாத்திரை நாளன்று உங்கள் ஊரான நேமத்தான்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சோலையம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வாருங்கள், அந்த வாசல் உங்கள் இருவருக்கும் உரியது.

நூறாண்டு என்று கணக்குச் சொல்லி உங்கள் ஆயுளுக்கு எல்லை கட்ட எங்களுக்கு மனமில்லை. தலைக்குள் கேட்கும் குரலைப் பிடித்துத் தரும் கருவி எந்த நாட்டில் என்றைக்கு வருமோ, அது காரைக்குடி வந்து சேர எத்தனை காலம் பிடிக்குமோ, அதுவரை கண் மங்காமல், கை நடுங்காமல், நோய் நொடியின்றி நீங்களும் இருக்க வேண்டும். அந்தத் தாயும் இருக்க வேண்டும். மூச்சை அடக்கச் சொல்லி, வழக்கம்போல் வைது, முதல் படத்தை நீங்களே பிடிக்க வேண்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
மருத்துவமனை வார்டு, சமையல், துப்புரவுப் பணியாளர்கள்
காரைக்குடி, 30-6-1978