நல்ல கிருமிக்கு உகந்த வேளை

வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமி மாத்திரையைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுவது நல்லது. சாப்பாட்டோடு போட்டாலும் குற்றமில்லை. சுடச்சுடக் குடிக்கும் எதனோடும் சேர்க்கக் கூடாது, உள்ளே இருப்பவை உயிருள்ளவை, வெந்துபோகும். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் அது இதைக் கொன்றுவிடும். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் நின்றபடி இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. உங்களிடமும் இதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் செய்ததெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

என் தம்பி லாரிப் பட்டறையில் மெக்கானிக். அம்மாவும் அப்பாவும் போனபிறகு நான்தான் அவனை வளர்த்தேன். அவன் படிப்பு முடியட்டும், வேலைக்குப் போகட்டும் என்று எனக்கு வந்த வரன்களை நானே தட்டிக்கழித்தேன். அவன் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் ஒரு டீச்சரை வீட்டுக்கு அழைத்து வந்தான். கல்யாணம் முடிந்ததும் அவள் ஊருக்கே குடிபோவதாக ஏற்பாடு. "நீயும் வந்துடுக்கா" என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே. செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குப் பல் வீங்கியது. பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார், அது வயிற்றைப் புரட்டிப் போட்டது. கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்தார்கள். நான் கஞ்சி வைத்தேன், படுக்கை விரிப்பைத் துவைத்தேன். சின்ன வயதில் படுத்ததுபோல என் மடியில் தலைவைத்துப் படுத்தான். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீக்கம் வடிந்தது, மருந்தும் தீர்ந்தது. கடையிலிருந்து நல்ல கிருமி மாத்திரை கொண்டுவந்து அவன் கண்ணெதிரே கொடுத்தேன். அவன் பார்க்காதபோது, அதே ஆன்டிபயாடிக்கை அவன் காபியில் கலந்தேன். ஊருக்கெல்லாம் இடைவெளி விடச் சொன்ன நான், வீட்டில் இரண்டையும் ஒரே மடக்கில் இறக்கினேன்.

"காபி கசக்குதுக்கா."

"காபி கசக்கல, மருந்து சாப்ட்ட வாயி கசக்குது. பேசாம குடி."

குடித்தான். நான் கொடுத்தால் எதையும் குடிப்பான்.

தேதி மறுபடியும் தள்ளிப்போயிற்று. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து நேரே வந்து அவன் காலைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா இவர் கதி என்ன ஆகியிருக்கும் அண்ணி" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. இத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்து, இரண்டு வேளை நிறுத்தவும் செய்தேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். "தேவலைக்கா. அடுத்த மாசமே கல்யாணத்த வெச்சுடலாம்" என்றான். முகம் தெளிந்திருந்தது. எத்தனை நாளைக்கப்புறம் அவன் அப்படிச் சிரித்தான். நான் உள்ளே போய்க் காபி போட்டேன்.

பிறகு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், அவன் கட்டிலருகே என்னை நிறுத்திக் கேட்டாள்.

"வீட்ல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா? உடனே சொல்லுங்கம்மா, அத வெச்சுத்தான் வைத்தியமே."

தம்பி கண்ணைத் திறந்தான். "அக்காவையே கேளுங்க டாக்டர். எனக்கு எல்லாம் அவங்கதான் பாத்துப் பாத்துக் குடுக்கறாங்க" என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. நம்பித்தான் சொன்னான்.

"பல்லுக்குக் குடுத்த மருந்து எப்பவோ தீந்துபோச்சு. இப்ப நல்ல கிருமி மாத்திரை மட்டும்தான்" என்றேன்.

"நேரத்துக்குக் குடுக்கறீங்களா?"

"தவறாம குடுக்கறேன்."

அந்த வாரத்திலேயே போய்விட்டான். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்ததும், கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான் செய்தேன், கொல்ல நினைக்கவில்லை என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். கட்டிலருகே அந்த டாக்டர் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் அவன் பிழைக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். பிழைத்தால் என்னை 'அக்கா' என்று கூப்பிட மாட்டான் என்றும் தெரியும். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.