சௌந்திரம் பாடாத கேசட்

முட்டை அட்டையைப் போல மலிவாகச் சத்தத்தை உள்வாங்கும் பொருள் வேறில்லை. நாமக்கல்லில் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையின் சுவரெல்லாம் அதை ஒட்டித்தான் நானும் லாசரும் எங்கள் ஒலிப்பதிவு அறையை உண்டாக்கினோம்.

பாடகி சௌந்திரத்தின் பழைய குழு நாங்கள். நான் சவரியார், ஆர்மோனியம். லாசர் டோலக். குமாரபாளையத்துத் தறிக்காரர் மகளான அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு வருடம் வாசித்தோம். சினிமா அவளை மெட்ராசுக்கு அழைத்துக்கொண்டது, எங்களை அழைக்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

எண்பத்து நான்கில், எல்லா வாத்தியமாகவும் ஒலிக்கும் சிந்தசைசர் ஒன்று கைக்கு வந்தது. லாசர் டோலக்கை உறையில் போட்டுவிட்டுத் தாளம் போடும் பெட்டியைக் கற்றுக்கொண்டான். எட்டுப் பாட்டையும் நானே எழுதி நானே பாடினேன். இந்தப் பக்கத்தில் அப்படியொரு ஓசையை யாரும் கேட்டதில்லை. மோகனூர்த் திருவிழாவில் அதைப் போட்டுக் காட்டினோம். மிட்டாய்க் கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நல்லாருக்குதுங்க. சௌந்திரம் எப்பங்க பாடும்?" டேப்பை அனுப்பிவைத்த கேசட் கம்பெனியும் கடிதத்தில் அதையேதான் கேட்டது. எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

லாசர் என்னிடம் சொல்லாமல் அவளுக்குக் கடிதம் போட்டுவிட்டான். அவளும் வந்துவிட்டாள்.

"உங்க குரல அழிச்சுப்போட்டு என்னுத வெச்சுக்கலாமுங்கண்ணா. எட்டுப் பாட்டையும் பாடித் தாரேன். எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

நல்ல மனசு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் பழசு, மின்சாரம் கசியும். எர்த் கம்பியை மாட்டினால் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும், ஆனால் டேப்பில் ஒரு முனகல் விழும். அதனால் பதிவின்போது கம்பியைக் கழற்றிவிட்டு, மைக் ஷாக் அடிக்காமலிருக்க ரப்பர் செருப்போடு நின்று பாடுவோம். சௌந்திரமோ செருப்புக் காலோடு மைக் முன் நின்றதே கிடையாது. கோயிலுக்குள் போவதுபோல வாசலிலேயே கழற்றிவிடுவாள். ஆகவே அன்று காலை லாசர் கம்பியை மாட்டிவைத்தான். முனகல் விழுந்தால் விழட்டும் என்றான். பிறகு அவளுக்குப் பிடித்த முறுக்கு வாங்கக் கடைவீதிக்குப் போனான்.

கம்பியைக் கழற்ற எனக்கு அரை நிமிடம் ஆனது. சித்திரை வெயிலில் தரை கொதித்தது. இரண்டு குடம் தண்ணீர் தெளித்தேன். கால் குளிர்ந்தது என்று அவள் நன்றி சொன்னாள். மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பாடுவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

பல்லவி முடியவில்லை. நான் டேப்பை மட்டும் நிறுத்தினேன். மெயின் சுவிட்சைச் சற்றுப் பொறுத்து அணைத்தேன். என் குரலில் இரண்டு வரிதான் அழிந்திருந்தது.

கம்பி வேலை லாசருடையது என்பது ஊருக்கே தெரியும். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்கு எழுதி அவனை உள்ளே அனுப்பினார்கள். கேசட்டை யாரும் வாங்கவில்லை.

மாதம் இருமுறை மனுப் போட்டு அவனைப் பார்க்கிறேன். எப்போதும் ஒன்றையேதான் கேட்கிறான்.

"கம்பிய மாட்டுனனே சவரி. மாட்டுனேனில்ல?"

"மறதி எல்லாருக்கும் வாரதுதான் லாசரு. மனச உட்டுராதே."

அவன் அழுவான். வலை வழியாக அவன் விரலைத் தொட்டுக்கொண்டு, அழுது முடிக்கும்வரை நிற்பேன். நண்பன் என்று இருப்பவன் இந்த மாதிரிச் சமயத்தில் கைவிடக் கூடாது. நான் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.