ஒன்பது இயந்திரம் என்று காட்டிய ஒரே பெட்டி

மூன்று கம்ப்யூட்டர்களில் மூன்று பிரதிகள் இருக்கின்றன என்று நம்பவைத்து, தோல் தொழிலாளர்களிடம் வாங்கிய எக்ஸ்ரே படங்களின் பிரதிகள் அத்தனையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, 19.01.2009 அன்று ஒன்றுகூட மிஞ்சாமல் அழியவிட்டார்கள். நடந்த தவறு இதுதான். இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், அவ்வாறே எழுதப்பட்டது.

என் பெயர் சத்தியநாதன், வயது 63, தகப்பனார் பெயர் தேவசகாயம், அவர் காலமாகிவிட்டார். ஆம்பூர் பெத்லகேம் பகுதியில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். தோல் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் தோலைப் பிளக்கும் ஸ்ப்ளிட்டிங் மெஷினில் வேலை செய்தேன். மூச்சுத்திணறல் வந்து வேலையை விட்ட பிறகு பழைய புத்தகக் கடையில் புத்தகம் வாங்கிக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. 2005 முதல் பாலாற்றோரத் தொழிலாளர் மார்புநோய் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்து வந்தேன். நான் வேண்டுமென்றே டேட்டாவை அழித்ததாக அதன் செயலாளர் ரிச்சர்ட் கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்படுகிறேன்.

தொழிலாளர்கள் வீட்டில் வைத்திருந்த மார்பு எக்ஸ்ரே படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரே ஆளின் பத்துப் பதினைந்து வருடப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நோய் எந்த வருடம் தொடங்கியது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. படங்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். ஒரு கம்ப்யூட்டரால் ஆகாது என்பதால் ஒன்பது பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து, வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கிளஸ்டராக அமைத்தேன். அதில் ஓடிய மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் மூன்று வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் தானாகவே வைக்கும்.

2007 மார்ச்சில் சுகரா பேகம் என்பவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் ஜான் பாஷா தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் பஃபிங் மெஷினில் பதினைந்து வருடம் தோல் தூளைச் சுவாசித்து 2006-ல் இறந்தவர். வேலைக்குச் சேரும் முன் 1991-ல் எடுத்த படமும் அதன் பிறகு எடுத்த நான்கு படங்களும் அந்த அம்மாளிடம் இருந்தன. துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தார். "இது போச்சுன்னா எனுக்கு வேற இன்னா இருக்குது அண்ணா?" என்று கேட்டார். "மூணு எடத்துல இருக்கும்மா. ஒண்ணு எரிஞ்சாலும் ரெண்டு இருக்கும்" என்று சொல்லி வாங்கி வந்தேன். 1991 படத்தை நானே ஸ்கேன் செய்தேன். இரண்டு நுரையீரலிலும் ஒரு மறுவும் இல்லை.

அதன் பிறகு 2007 நவம்பரில், மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர்களில் பிரதிகள் இருப்பதால் அசல் படங்கள் இனித் தேவையில்லை என்று ரிச்சர்ட் ஒரு தாள் நீட்டினார். அன்றைக்கு அது உண்மை. கையெழுத்துப் போட்டேன். அசல் படங்கள், எக்ஸ்ரே பிலிமைக் கரைத்து அதிலுள்ள வெள்ளியை எடுக்கும் ஆட்களிடம் போயின.

அதன் பிறகு 2008 ஜூனில் ரிச்சர்ட், வேலூரிலிருந்து நவீத் என்ற இன்ஜினியரை அழைத்து வந்தார். நவீத் ஒரு பெரிய சர்வர் பெட்டியை வைத்து, அதற்குள் ஒன்பது விர்ச்சுவல் மெஷின்களை உண்டாக்கினார். அதாவது பெட்டி ஒன்று, அது ஒன்பது கம்ப்யூட்டர்கள் போல நடந்துகொள்ளும். சூடு குறைந்தது, கரண்ட் குறைந்தது, வேகமும் கூடியது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளுக்குக் கண் கிடையாது. ஒன்பது மெஷின் என்று நம்பி, மூன்று பிரதிகளையும் அந்த ஒரே பெட்டிக்குள் வைத்தது. பெட்டியில் இருந்த ஆறு டிஸ்க்குகளையும் வேகத்துக்காக ஒரே டிஸ்க் போலச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்று கெட்டால் ஆறும் போகும்.

நான் தகராறு செய்தேன். "இன்னா அங்கிள், ஸ்கிரீன்ல ஒன்பது மெஷின் தெரியுதா இல்லியா? எண்ணிப் பாருங்க" என்றார் நவீத். அதற்கு நான், "ஒரு தோல ஸ்ப்ளிட்டிங்ல வுட்டா மேல் தோலு, கீழ் தோலுன்னு ரெண்டா வரும். மாடு ரெண்டாய்டுமா? ஆணி குத்தி ஓட்டையான தோல்னா ரெண்டுலயும் ஓட்டதான்" என்றேன். ரிச்சர்ட் சிரித்து, "அண்ணன் இன்னும் தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டிய வுட்டு வெளிய வரல" என்றார். இன்னும் ஒரு பெட்டியாவது வையுங்கள், அதுவரை பழைய கம்ப்யூட்டர்களை அழிக்காதீர்கள் என்று 04.07.2008 அன்று கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை உள்ளது. நகலை ஒப்படைக்கிறேன். அந்த மாதக் கடைசியில் பழைய கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளை அழித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

19.01.2009 திங்கட்கிழமை காலை 10.20 மணிக்கு நானும் நவீத்தும் அறையில் இருந்தோம். பெட்டியிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. அதன் பிறகு ஒன்பது மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. உண்மையிலேயே ஒன்பதாக இருந்திருந்தால் ஒன்பதும் ஒன்றாகச் சாகாது. கெட்டது நான்காவது டிஸ்க். அதைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டியும் ஒரு படம்கூட மீளவில்லை. திரும்பி வந்த நவீத் வாசற்படியில் உட்கார்ந்து, "ஸ்பீடுக்காகத்தான் அங்கிள் கட்னேன்" என்றார்.

அதன் பிறகு சுகரா பேகம் வீட்டுக்குப் போனேன். 05.02.2009 அன்று வேலூரில் அவருடைய நஷ்டஈட்டு விசாரணை இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொன்னேன். டீ வைத்துக் கொடுத்தார். "மூணுலயும் வேணாம்ணா. மூணுல ஒண்ணு குடுங்க, போதும்" என்றார். மூன்றும் ஒன்றுதான் என்று அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், ஜான் பாஷா வேலைக்கு வரும்போதே நோயோடுதான் வந்தார் என்று வாதிட்டார். 1991 படம் எங்கே என்று கேட்டபோது அந்த அம்மாள், "சத்தியநாதன் அண்ணன் வெச்சிருக்காரு" என்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். விசாரணை 26.02.2009-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்த வாக்குமூலத்தில் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. டிஸ்க் கெடுவது கோளாறு. மூன்றையும் ஒன்றில் வைத்தது ஆள் செய்த வேலை. நான் எதையும் அழிக்கவில்லை. இதிலுள்ளவை யாவும் நான் கண்டதும் செய்ததும் சொன்னதும்தான். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, நானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

இனி ஆகவேண்டியவை. ஆறு டிஸ்க்குகளையும் காவல் துறையினர் சீல் வைத்து எடுக்க வேண்டும், அறக்கட்டளையிடம் விடக் கூடாது. படம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், உங்கள் படம் எங்கள் கையில் அழிந்தது என்று ரிச்சர்ட் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை விசாரணையில் அவர்கள் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் ஆளை விட்டுச் சொல்லி அனுப்பினால் போதாது. பெட்டியை எப்படிக் கட்டினார் என்பதை நவீத் 26-ஆம் தேதி வந்து தம் வாயால் சொல்ல வேண்டும். படம் இல்லாத குறையை விசாரணை அதிகாரி சுகரா பேகம் மீது வைக்கக் கூடாது. அன்றைக்கு நானும் சாட்சி சொல்ல வேண்டும், 1991 படத்தில் மறு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்று. அசல் படங்கள் போவதற்குக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதற்கு எந்தப் பிரிவு பொருந்துமோ அதில் என் பெயரையும் இந்த நிலையத்தார் சேர்க்க வேண்டும்.

(ஒப்பம்) தே. சத்தியநாதன்
ஆம்பூர், 11.02.2009