டிஸிமிலிட்யூட் யாருடைய வார்த்தை

கார்னிவலுக்கு முந்தைய வாரத்தில் எங்கள் பெல்மான்ட்டில் தொப்பிக்கு ஒட்டின அட்டை லேசில் காயாது. காற்றில் அவ்வளவு ஈரம். அதனால் நான் அரக்குப் பூசுவேன். அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட்டைப் பழைய ரம் புட்டியில் ஊற்றி வைப்பேன். ட்ரினிடாடில் எதையும் ரம் புட்டியில்தானே வைக்கிறோம், இன்ஸ்பெக்டர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

ஃபிட்ஸ்ராயும் நானும் கொள்ளைக்காரன் வேஷம் கட்டுகிறவர்கள். அகலத் தொப்பி, கறுப்பு அங்கி, விசில். ஆளை வழிமறித்துப் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளால் மிரட்ட வேண்டும். யார் வாயில் பெரிய வார்த்தை இருக்கிறதோ அவன்தான் ராஜா.

'டிஸிமிலிட்யூட்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தது நான். நூலகத்துத் தடி அகராதியில் பார்த்தேன். வித்தியாசம் என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் 'டிஃபரன்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இது வாயை நிறைக்கிற வார்த்தை. ரம் கடையில் ஒருநாள் ஃபிட்ஸ்ராயிடம் சொல்லிக் காட்டினேன்.

"ஏதோ தோல் வியாதி மாதிரி இருக்கேடா," என்று சிரித்தான்.

அடுத்த கார்னிவலில் எனக்கு முன்னால் மேடை ஏறினான். "சாவுக்கும் எனக்கும் நடுவுல டிஸிமிலிட்யூட் கிடையாது. மண்டி போட்டு வழிய விடு," என்றான். மைதானமே எழுந்து நின்றது. அவன் அதைச் சரியாகத்தான் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை. அடுத்து என் முறை. நான் ஒரு வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததும் அதே வார்த்தைதான். சொன்னேன்.

"ஃபிட்ஸ்ராய் மிச்சம் வச்சதைப் பொறுக்குறான் பாரு," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மெர்லிடம், அது என் வார்த்தை என்றேன்.

"உன்னுதா? பட்டா வாங்கி வச்சிருக்கியா? அவன் சொன்னா உடம்பு சிலிர்க்குதுய்யா. நீ சொன்னா மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி இருக்கு."

நான் பொறுமைசாலி. அப்புறம் ஃபிட்ஸ்ராய் எப்போது வந்தாலும் அவனுக்கு உப்பு மீனும் பொரித்த ரொட்டியும் கிடைக்கும். "மேடம், இந்த ரெண்டு ரொட்டிக்கும் டிஸிமிலிட்யூட் ஏதும் உண்டா?" என்பான். மெர்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் பேசி அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இந்த வருஷமும் அவன் தொப்பியை நான்தான் செய்தேன். எடுத்துப்போக என் கொட்டகைக்கு வந்தான். ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது, ஒரு வாசனையும் தெரியவில்லை என்றான். பலகையில் இரண்டு புட்டிகள் இருந்தன, ஒன்றில் வெள்ளை ரம், மற்றதில் ஸ்பிரிட். இரண்டிலும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து மேடைக் குரலில் கேட்டான்.

"எதெல்பர்ட் பெருமானே, இந்த ரெண்டு புட்டிக்கும் டிஸிமிலிட்யூட் ஏதும் உண்டா?"

இல்லை என்றேன்.

இடது கைப் புட்டியிலிருந்து குடித்தான். நான் தொப்பிக்குக் குஞ்சலம் தைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு மடக்கு கேட்டான். எழுந்து போய் ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் அவனுக்குக் கண் தெரியவில்லை. சாவதற்கு முன்னால், தான் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் நர்ஸிடம் சொல்லியிருக்கிறான்.

என் வக்கீலம்மா நல்ல பெண். நேற்று வந்து எனக்கு வழி சொன்னார். "ஐயா, அந்த வார்த்தை உங்களுக்குப் புரியல. புரியாமதான் இல்லைன்னுட்டீங்க. நீங்க குடுத்ததும் ரம்முன்னு நெனச்சுத்தான். இத மட்டும் சொல்லுங்க, விபத்துன்னு முடிஞ்சிரும். உங்க வீட்டம்மாவும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. 'என் புருஷனுக்கு அதுக்கு அர்த்தமே தெரியாது, ஃபிட்ஸ்ராய் சொல்றதக் கேட்டுத்தான் திருப்பிச் சொல்வாரு'ன்னு."

மெர்ல் என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறாள். இருந்தாலும், அதைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பார்கள் இல்லையா.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன், இன்ஸ்பெக்டர். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அர்த்தம் தெரியும். அவனுக்கு முன்னாலேயே தெரியும். அவன் என்ன கேட்டான் என்பது நன்றாகப் புரிந்தது. எந்தப் புட்டியில் என்ன இருந்தது என்பதும் தெரியும். அவன் சாக வேண்டும் என்றுதான் இல்லை என்றேன்.

பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் பொறாமைப்படுகிற மாதிரி அவனிடம் என்ன இருந்தது?