படகு எண்ணும் பன்னிரண்டாவது கேசட்டும்

தலைமை ஏற்றதோடு, என் பேச்சையும் தாங்கத் துணிந்த தலைமையாசிரியை உண்ணாமலை அம்மையார் அவர்களே! ஜமாஅத்துப் பெரியவர்களே! கருவாட்டைக் காக்கைகளை நம்பி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! எனக்காக மட்டும் கைதட்ட மறுக்கும் என் வகுப்புத் தோழர்களே! பாசிலாவின் வணக்கமும் ஸலாமும்!

வீட்டு சர்வரின் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேச, பறிகொடுத்தவளைவிடப் பொருத்தமானவள் யார்?

நான் பிறப்பதற்கு முன்பு, என்னைப் பெற்ற அத்தா தாஜுதீன் சவுதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். ஊர் திரும்புபவர் பெட்டியில், சென்ட் பாட்டிலுக்கும் சோப்புக்கும் நடுவே அந்தக் குரல் வந்து இறங்கும். தெருவே கூடிக் கேட்கும். அவர் அங்கே இருமினால், கோட்டைப்பட்டினம் இங்கே கஷாயம் வைக்கும்! பின்பு ஊர் வந்து படகு வாங்கினார். அவர் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள். மிஞ்சியது குரல்.

அம்மா கொடுத்த பதினொரு கேசட்டையும் பழைய லேப்டாப்பில் ஏற்றினேன். அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து சர்வராக்கி, துபாய் மாமுவும் பொன்னமராவதி மாமியும் கேட்கட்டும் என்று இணையத்துக்கு வாசல் திறந்தேன். கேசட் நாடாவை? உருவியெடுத்து, கருவாடு காயுமிடத்தில் காக்கை விரட்டக் கட்டினேன்! சிரிக்காதே வெற்றிசெல்வா, முடிச்சுப் போட்டவனே நீதான்!

பாஸ்வேர்டு என்ன? அத்தாவின் படகு எண். முகப்புப் பக்கத்தில் என்ன படம்? அத்தாவின் படகு. அதன் மூக்கில் முழ உயரத்தில் என்ன எழுதியிருந்தது? ஆமாம் தாய்மார்களே, அதேதான்! பூட்டைப் போட்டு, பூட்டிலேயே சாவியையும் தொங்கவிட்டு, சாவிக்கு சீரியல் லைட்டும் கட்டியவள் நான்!

ஒரு வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன். எவனோ புகுந்து அத்தனையும் அழித்திருந்தான். வேறு பிரதி? எடுக்கவில்லை. நாடா? உப்புக்காற்றில் நைந்து போயிருந்தது.

அம்மாவிடம் அழுதேன். அவர் போய், பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். பன்னிரண்டாவது!

"ஏம்மா இத அன்னைக்கே தரல?"

"அந்தப் பதினொன்னும் ஊருக்குப் பேசுனது புள்ள. இது எனக்குப் பேசுனது. ஒன் பொட்டியில ஏத்துனா ஊரே கேக்குமுல்ல?"

"ஒரு காப்பி மட்டும் எடுத்துத் தாரேம்மா. இதுவும் போயிட்டா?"

"நீ கேக்காம எடுப்பியா?"

கேட்டாரே ஒரு கேள்வி! ஊரே கேட்க வாசல் திறந்து வைத்தவளிடம்!

அவையோரே! இன்று என் சர்வருக்கு யாரும் யூகிக்க முடியாத நீண்ட பாஸ்வேர்டு உண்டு. தவறாத அப்டேட் உண்டு. தனியே வைத்த பிரதி உண்டு. ஆனால் காக்க வேண்டிய பதினொன்றும் போன பிறகு வந்த காவல் அது! எதைத் திறப்பது என்று யோசித்தேன். எதைத் திறக்கக் கூடாது என்று யோசித்தேனா?

அந்தக் கேசட்டை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பிரதி எடுத்தேன். இணையமே அறியாத பென்டிரைவாக அது பீரோவுக்குள் போய்விட்டது. மறுநாள் மூடிய அறைக்குள் அத்தாவின் குரல் மெல்லக் கேட்டது. அம்மா சிரித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சிரித்தார்.

அத்தா என்ன சொன்னார்? தெரியாது. நான் வாசலில் காவல் நின்றேன், காதைப் பொத்திக்கொண்டு.

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டுக் குரல்கள் பத்திரமாக இருக்கட்டும். வணக்கம்!